பதினான்கு அடி கேபிளும் ஒரு முடிச்சும்

ஜூன் 2, திங்கள்

என் பெயர் கன்னியப்பன். வயது அறுபத்தெட்டு. இந்த ஒரு வரியை எழுத எனக்கு அறுபத்தெட்டு வருடம் ஆயிற்று என்று சொன்னேன். விமலா டீச்சர் சிரித்துவிட்டார். பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் முடிந்ததற்கு அவர் கொடுத்த பரிசு இந்த நோட்டு. தினமும் எழுதுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றார்.

நடந்தது இதுதான். காலையில் ஷெட்டுக்கு ஒரு வெள்ளை கார் வந்தது. இன்னும் ஒன்பது நாளில் அதைக் கொல்லப் போகிறோம்.

என் தொழில் அது. சினிமாவில் கார் மோதும், பறக்கும், உருளும், எரியும். அதற்காகக் காரைத் தயார் செய்கிற எலக்ட்ரீஷியன் நான். முன்னூறு வண்டிக்குக் குறையாமல் என் கையால் சாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. முதலில் தகரம் நசுங்கும். பிறகு கண்ணாடி கொட்டும். கடைசியில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை செட்டில் ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள்.

அரைப் பக்கம் எழுதிவிட்டேன். கை வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.

ஜூன் 4, புதன்

ஷெட்டில் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டினேன். வெள்ளை பிளாஸ்திரியில் கறுப்பு மையால் 'ஸ்பேனர்', 'பியூஸ்', 'டீ கிளாஸ்', 'ஃபேன் சுவிட்ச்'. மீதி இருந்த துண்டில் 'கன்னியப்பன்' என்று எழுதி என் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டேன்.

தேசிங்கு வந்து பார்த்தான். "இன்னாபா, செத்துட்டா எந்தப் பொணம்னு தெரியறதுக்கா?" என்று கேட்டான்.

தேசிங்கைப் பற்றி எழுத வேண்டும். அவனும் நானும் ஒரே நாளில் ஃபைட்டராகச் சேர்ந்தோம். எண்பத்தொன்பதில் ஒரு சண்டைக் காட்சியில் நான் தலையைத் திருப்ப மறந்தேன். அவன் குத்து என் வாயில் இறங்கியது. மேல்பல் இரண்டு போய்விட்டது. ரத்தம் வழிய நான் உட்கார்ந்து அழுதேன். அவன் என் பற்களை மண்ணில் தேடி எடுத்து வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அன்று முதல் நண்பர்கள். உடம்பு தளர்ந்த பிறகு நான் வயரிங்குக்கு வந்தேன், அவன் பாதுகாப்பு வேலைக்கு. கார் உருண்டு நின்றதும் முதலில் ஓடுகிறவன் அவன்.

அவனையும் வகுப்புக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாள் வந்தான். எழுத்தெல்லாம் புழு நெளிகிறமாதிரி இருக்கிறது என்று நின்றுவிட்டான்.

ஜூன் 7, சனி

இன்று கேபிள் ஓட்டினேன். முழுவதும் எழுதப் போகிறேன். இருபது வருடமாகக் கையில் இருந்தது முதல் முறையாகத் தாளுக்கு வருகிறது.

இந்தக் காட்சியில் கார் நேராகப் போய் தண்ணீர் டிரம் அடுக்கிய சுவரில் மோத வேண்டும். பிறகு சரிவில் ஏறி இரண்டு முறை உருள வேண்டும். பேட்டரி முன்னால் இருந்தால் மோதிய உடனே உடையும், ஆசிட் தெறிக்கும், எஞ்சின் பாதி வழியில் நிற்கும். ஆகவே பேட்டரியை டிக்கிக்கு மாற்ற வேண்டும். மாற்றுவது பெரிய வேலை இல்லை. டிக்கியிலிருந்து முன்னால் ஸ்டார்ட்டர்வரை கேபிளை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

என் வழி இது. கட்டைவிரல் தடிமனுள்ள வெல்டிங் கேபிள், பதினான்கு அடி. பெட்ரோல் குழாய் வண்டியின் வலப்பக்கம் போகிறது. ஆகவே கேபிள் இடப்பக்கம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. டிக்கியிலிருந்து பின்சீட்டுக்கு அடியில் இறங்கி, இடது கதவுகளின் கீழ்ப்படி ஓரமாக, மிதியடிக்கு அடியில் போக வேண்டும். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கிளாம்ப். எங்கேயும் தொங்கக் கூடாது, இழுத்துக் கட்டவும் கூடாது. தகரத்தில் ஓட்டை போட்டு நுழைக்கிற இடத்தில் ரப்பர் புஷ் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் தகர விளிம்பு எலிபோலக் கேபிளைக் கடித்துத் தின்னும். தின்று முடித்த நாளில் வண்டி எரியும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் பெரிய பியூஸ். எர்த் கேபிள், அதாவது நெகட்டிவ், சின்னது, ஒரு முழம். டிக்கித் தரையில் பெயிண்டைச் சுரண்டி, தகரம் பளபளக்கும்வரை சுரண்டி, போல்ட் போட்டு முறுக்க வேண்டும்.

முடித்ததும் மிதியடியைத் தூக்கிக் கேபிள் முழுவதையும் தடவிப் பார்த்தேன். ஒரு நல்ல பாம்பு சுவரோரமாகப் படுத்திருப்பதுபோல் இருந்தது.

இதை எழுத இரண்டு நாள் சாயங்காலம் ஆனது. தேதி முதல் நாளுடையது.

ஜூன் 9, திங்கள்

டிக்கி வேலையின் மிச்சம்.

கார் உருண்டு நின்ற பிறகும் பெட்ரோல் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். உடைந்த குழாய் வழியாகப் பெட்ரோல் கொட்டும். டாஷ்போர்டில் இருக்கிற சுவிட்சை நம்ப முடியாது, டாஷ்போர்டே நசுங்கியிருக்கும். அதனால் தேசிங்கு ஓடிவந்து டிக்கியைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் எர்த்தைக் கழற்ற வேண்டும். எர்த்தை மட்டும்தான். எர்த்தில் வைத்த ஸ்பேனர் வண்டித் தகரத்தில் பட்டால் ஒன்றும் ஆகாது. பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் தகரத்தில் பட்டால் இடி விழுந்தமாதிரி தீப்பொறி. பியூஸ் கேபிளைத்தான் காக்கும். பேட்டரியின் தலையிலேயே நடப்பது அதற்குத் தெரியாது.

இரண்டும் ஒரே கறுப்பு வெல்டிங் கேபிள். ரப்பர் மூடி போட்டால் உருளும்போது கழன்றுவிடும். அதனால் இத்தனை வருடமும் எர்த் கேபிளின் கழுத்தில் சணல் கயிற்றால் மூன்று முடிச்சு போடுவேன். படிக்காதவன் அடையாளம். அழுக்காக, தாயத்து கட்டியமாதிரி இருக்கும்.

இன்று அதை அறுத்து எறிந்தேன். பிளாஸ்திரி சுற்றி, அழகாக 'எர்த்' என்று எழுதினேன். மற்றதில் 'பாசிட்டிவ்'. 'எர்த்'தின் இரண்டு புள்ளியும் அதனதன் இடத்தில் நின்றன.

தேசிங்கு ஒத்திகைக்கு வந்தவன் டிக்கிக்குள் கையை விட்டான். விரல் கேபிளின் கழுத்தில் கொஞ்ச நேரம் தேடியது.

"முடிச்சக் காணோம்?"

எழுதியிருக்கிறேன் பார் என்றேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"சரி. எந்தப் பக்கம் எர்த்து?"

"இடது."

"எடது," என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டு போனான்.

ஜூன் 10, செவ்வாய்

காரை ஓட்டப் போகிறவன் கிளமெண்ட். இருபத்தொன்பது வயது. அவன் அண்ணன் பாஸ்கலும் யூனிட்டில் ஃபைட்டர். ஒத்திகையில் பாஸ்கல் ஒருவனைத் தூக்கி மேசைமேல் அடித்தான். மேசை பொய் மேசை, அடி நிஜ அடி. அடிபட்டவன் எழுந்து, ஸ்டண்ட் மாஸ்டரைப் பார்த்து, மறுபடி போகலாம் மாஸ்டர் என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் நல்ல ஜனங்கள்.

கிளமெண்ட் என் சட்டைப் பையில் இருந்த பெயரை வாசித்துவிட்டு, "அண்ணே, எழுத்து பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு," என்றான்.

ஜூன் 11, புதன்

கல்குவாரியில் படப்பிடிப்பு. நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசணிக்காயை மாஸ்டரே உடைத்தார்.

பதினொன்றரைக்கு ஷாட். டிரம்கள் வெடித்துத் தண்ணீர் பனைமர உயரம் எழும்பியது. கார் சரிவில் ஏறிப் பறந்தது. இரண்டு உருளல் என்று பேச்சு. மூன்று உருண்டது. கூரைமேல் கவிழ்ந்து நின்றது. தூசி, புகைக் குண்டின் கறுப்புப் புகை, ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய கிளமெண்ட் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்தினான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தேசிங்கு புகைக்குள் ஓடினான். நான் எண்ணினேன். வழக்கமாக ஆறு எண்ணுவதற்குள் எர்த் கழன்றுவிடும். பத்து எண்ணினேன். பன்னிரண்டு. டிக்கிக்குள் நீலமாக ஒரு வெட்டு வெட்டியது.

பெட்ரோல் பிடித்துக்கொண்டது. தீ தரையோடு ஓடி ஜன்னலுக்குள் போனது. கிளமெண்ட் கத்திய கத்தல் மனிதன் கத்தியதுபோல் இல்லை. பாஸ்கல் தீக்குள் நுழைந்து பெல்ட்டைக் கத்தியால் அறுத்தான். தேசிங்கு வெறுங்கையால் கதவைப் பிடித்து இழுத்தான். கதவு கழன்று வந்தது, அவன் உள்ளங்கைத் தோல் கதவிலேயே தங்கிவிட்டது. கிளமெண்டை மண்ணில் போட்டு உருட்டினார்கள். அவனது இடது காது இருந்த இடத்தில் காது இல்லை.

அணைத்து முடித்தபோது பாஸ்கல் தேசிங்கைக் கீழே தள்ளி முகத்தில் மிதித்தான். சட்டை இன்னும் புகைந்துகொண்டிருந்தது, இரண்டு பேருக்கும். நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. தேசிங்கு கையை ஓங்கவில்லை.

நான் தீயணைப்பு சிலிண்டரைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அது காலியாகியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

இன்று தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடம் பிடித்தோம்.

ஜூன் 14, சனி

மாஸ்டர் ஷெட்டுக்கு வந்தார். எரிந்த காரை நிமிர்த்திப் பார்த்திருக்கிறார்கள். பதினான்கு அடியில் ஓர் இடத்திலும் உரசல் இல்லை, ஒரு கிளாம்ப் நகரவில்லை, கேபிள் ஓட்டினால் கன்னியப்பன்மாதிரி ஓட்ட வேண்டும் என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். தேசிங்கு பதற்றத்தில் பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்துவிட்டான், வயதாகிவிட்டது அவனுக்கு என்றார். தீ கேமராவில் நன்றாக விழுந்திருக்கிறதாம். மறுபடி எடுக்கப் போவதில்லையாம்.

நான் எழுதித்தான் ஒட்டியிருந்தேன்.

ஷெட்டைப் பெருக்கினேன். பியூஸ் பெட்டியைத் துடைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

தீக்காய வார்டு. உள்ளே விடவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதுகு, இடது தோள், காது. நர்ஸ் கதவைத் திறந்த நேரத்தில் கிளமெண்ட் என்னைப் பார்த்துவிட்டான். "ஷாட் ஓகேவாண்ணே?" என்று கேட்டான். ஓகே என்றேன்.

வெளியே பெஞ்சில் பாஸ்கல் உட்கார்ந்திருந்தான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "நீங்க பாத்துப் பாத்துப் போட்ட கேபிள்ணே. அந்தக் கெழவன் கைய வெட்டணும்," என்றான்.

டீயைக் குடித்தேன்.

ஜூன் 19, வியாழன்

தேசிங்கை அடித்துவிட்டார்கள். காலையில் டீக்கடை வாசலில் நான்கு பேர், இரும்புக் குழாயால். விலா எலும்பு இரண்டு, ஒரு முழங்கால். கட்டுப்போட்ட கைகளால் தலையை மறைத்துக்கொண்டு கிடந்தானாம். யார் என்று போலீஸ் கேட்டதற்கு, படியில் விழுந்தேன் என்றானாம்.

எங்கள் ஃபைட்டர் சங்கத்தில் அவன் உறுப்பினர் கார்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. கார்டு போனால் எந்த செட்டிலும் நுழைய முடியாது. விசாரணை முடிந்ததும் கை கால் மிஞ்சாது என்று பாஸ்கலின் ஆட்கள் ஷெட் வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜூன் 20, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். நோட்டை வாசிக்கச் சொன்னார் டீச்சர். ஜூன் ஏழுவரை வாசித்தேன். கேபிள் பகுதிக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்த பெயரைப் பிய்த்தேன். பசை துணியில் நின்றுவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

தேசிங்கு வீட்டுக்குப் போனேன். பாயில் படுத்திருந்தான். முகம் ஒரு பக்கம் கத்தரிக்காய் நிறம். ஆரஞ்சு உரித்து ஊட்டினேன், கை இரண்டும் கட்டுக்குள் இருக்கிறதே. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

பிறகு நான் கேட்டேன். உள்ளே என்ன நடந்தது?

"வண்டி கவுந்து கெடந்துச்சு. எடது எங்க, வலது எங்க? எல்லாம் மாறிக் கீது. கண்ணத் தொறக்க முடில, பொகை." கண்ணை மூடிக்கொண்டான். "கையால தேடுனேன்பா. ரெண்டு கழுத்துலயும் தேடுனேன். முடிச்சு இல்ல. பெட்ரோல் என் கால்ல ஊத்துது, அந்தப் பையன் உள்ள தொங்குறான். நீ எடதுன்னு சொன்னியேன்னு எடதுல வெச்சேன்."

சங்கத்தில் இதைச் சொன்னாயா என்றேன். இல்லை என்றான். ஏன் என்றேன்.

சிரித்தான். உதட்டுத் தையல் இழுத்தது.

"சொன்னா ஒன்ன அடிப்பானுங்க. ஒனக்கு அடி தாங்காதுபா. எம்பத்தொம்போதுலயே பாத்தேனே, ரெண்டு பல்லுக்கு எப்பிடி அழுத."

ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே வீடுவரை நடந்து வந்திருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

சங்கத்துக்கு எழுத ஆரம்பித்தேன். நான்கு வரி.

ஜூன் 24, செவ்வாய்

நேற்றைய நான்கு வரியைக் கிழித்தேன். 'முடிச்சு அவிழ்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். அவிழவில்லை. நான் அறுத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

என் மனைவி ரஞ்சிதம் கேட்டாள், "நாலு நாளா யாருக்கு இந்தக் காதல் கடுதாசி?" வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொள்வதற்குப் பழைய சட்டையாகப் பார்த்துத் துவைத்துப் போட்டாள். புதியது ரத்தத்தில் வீணாகக் கூடாதாம்.

ஜூன் 29, ஞாயிறு

இதை இடது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். வலது கண் மூடிவிட்டது.

சங்கக் கட்டடத்து மாடியில் அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். தேசிங்கை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். மாஸ்டர் தலைமை. சொல்ல வேண்டியதைச் சொல் என்றார். தேசிங்கு, கை தவறிவிட்டது மாஸ்டர் என்று மட்டும் சொன்னான். பாஸ்கல் சுவரில் சாய்ந்து, மார்பில் கட்டிய கைகளை இறுக்கிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து, எழுதி வந்திருக்கிறேன், வாசிக்க வேண்டும் என்றேன். கன்னியப்பன் வாசிக்கிறானா என்று பின்னால் சிரித்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கேபிள் பதினான்கு அடி. அதில் தவறு இல்லை. தவறு கடைசி ஒரு சாணில். எர்த் கேபிளின் கழுத்தில் இத்தனை வருடம் நான் முடிச்சு போட்டேன். தேசிங்கு அதைத் தடவித்தான் கழற்றுவான். புகையில் எழுத்து தெரியாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றும் தெரியும். அப்படி இருந்தும் முடிச்சை அறுத்தேன்."

இதுவரை வந்தபோது பாஸ்கல் அடித்தான். முதல் அடி கன்னத்தில். இரண்டாவது கண்ணில். விழுந்தேன். தாள் எங்கேயோ போயிற்று. தேசிங்கு நாற்காலியிலிருந்து எழ முயன்று, நாற்காலியோடு சாய்ந்தான். பாஸ்கல் என் மார்பில் கால் வைத்து நின்றான். எனக்கு டீ வாங்கித் தந்த கை மறுபடி உயர்ந்தது.

"இன்னும் மூணு வரி கீது," என்றேன்.

"இன்னா?"

"மூணு வரி. படிச்சிட்றேன். அப்பால அடி."

யாரோ தாளை எடுத்துக் கொடுத்தார்கள். உட்கார்ந்தபடியே வாசிக்கலாம் என்றார் மாஸ்டர். எழுந்து நின்றேன். என் ரத்தம் ஒரு சொட்டு இரண்டாவது வரியில் விழுந்திருந்தது, அதைத் துடைத்துவிட்டு வாசித்தேன்.

"என் எழுத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அறுத்தேன். தேசிங்கு மேல் தவறு இல்லை. கிளமெண்ட் என்னைக் கேட்க வேண்டும், அவனை அல்ல. இப்படிக்கு, கன்னியப்பன்."

பாஸ்கல் மூன்றாவதாக ஒன்று அடித்தான். அதில் பழைய பலம் இல்லை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான்.

தேசிங்கின் கார்டு அவனுக்குத் திரும்ப வந்தது. என் கார்டை மாஸ்டர் வாங்கி மேசை டிராயரில் போட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இனி யார் கேபிள் ஓட்டினாலும் எர்த்தில் மூன்று முடிச்சு போடச் சொல்லுங்கள் என்றேன்.

ஜூலை 2, புதன்

காலையில் தீக்காய வார்டுக்குப் போய் கிளமெண்டிடமும் வாசித்தேன். அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். முடிக்கும்வரை நின்று வாசித்தேன். போங்கண்ணே என்றான். வந்துவிட்டேன்.

அங்கிருந்து தேசிங்கு வீடு. என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எத்தினி அடி?"

"பாத்தியே. மூணு."

"நாக்காலியோட வுழுந்துட்டேன், கடைசி ஒண்ணு பாக்கல. அழுதியா?"

"இல்ல."

அங்கே கூச்சலில் முழுசாகக் கேட்கவில்லை, மறுபடி படி என்றான். தாளை விரித்தேன். ரத்தக் கறை பழுப்பாகிவிட்டது. எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து வாசித்தேன். 'அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றும் தெரியும்' என்ற இடத்தில் நிறுத்தினேன். மேலே போ என்றான். போனேன். முடித்து, தாளை நான்காக மடித்தேன்.

தேசிங்கு என்னைக் கிட்டே வரச் சொன்னான். குனிந்தேன். கட்டுப்போட்ட கையால் ஓங்கி ஒரே ஓர் அறை அறைந்தான். அவனுக்குத்தான் அதிகமாக வலித்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

நான் விழவில்லை.